பெட்ராவை மாற்றியது பாடகரா, கீபோர்டா?

12 ஜூன் 2017, ஒரு வாசகர் கேட்டது

பாடகர் கிரெக் வோல்ஸ் போன அன்றே பெட்ரா என்ற கிறிஸ்தவ ரொக் குழு முடிந்துவிட்டது. அவர் இடத்துக்கு ஜோன் ஷ்லிட் வந்த பிறகு வெறும் சத்தம்தான். விற்பனைக்காக ஒலியை மாற்றிக்கொண்ட ஒரு குழுவை இலங்கை மலையகத்துச் சபைகளில் இன்னும் ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

12 ஜூன், மாலை

ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒலி மாறியது உண்மை, ஆனால் அந்த மாற்றம் ஷ்லிட் வந்த 1986இல் தொடங்கவில்லை.

1972இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வேய்ன் நகரில், ஒரு கிறிஸ்தவப் பயிற்சி நிலையத்தில் சந்தித்த வாலிபர்கள் தொடங்கிய குழு இது. பொப் ஹார்ட்மன், கிரெக் ஹஃப் இருவரும் கிட்டார். 1974இல் வந்த முதல் அல்பத்தைத் தேடிக் கேளுங்கள். இரண்டு கிட்டார்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும் தென்மாநில ரொக் அது. அதில் வோல்ஸ் பாடவே இல்லை. அவர் விருந்தாளியாக வந்து பாடியது 1977இல் வந்த இரண்டாவது அல்பத்தில். 1979க்குப் பிறகுதான் அவர் குரல் குழுவின் குரலாக ஆனது.

அடுத்தது 1981, "நெவர் சே டை". அந்த அல்பத்தின் மிக மென்மையான பாட்டுத்தான் கிறிஸ்தவ வானொலிகளில் குழுவுக்கு வழி திறந்துவிட்டது. 1974இன் பெட்ராவை நேசித்த ஒருவர் 1981ஐக் கேட்டிருந்தால் நீங்கள் இன்று சொல்வதைத்தான் அன்று வோல்ஸைப் பார்த்துச் சொல்லியிருப்பார். வானொலிக்காக மாறியது குற்றம் என்றால் அந்தக் குற்றம் உங்களுக்குப் பிடித்த பாடகரின் காலத்தில்தான் நடந்தது. நான் அதைக் குற்றமாக நினைக்கவில்லை.

12 ஜூன், இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. ஷ்லிட்டை யாரோ தெருவிலிருந்து பிடித்து வந்தது மாதிரிப் பேசுகிறார்கள். அவர் எழுபதுகளில் ஹெட் ஈஸ்ட் என்ற ரொக் குழுவின் பாடகர். போதைப் பழக்கத்தில் விழுந்து, அந்தக் குழுவை விட்டு வெளியேறி, 1980இல் விசுவாசத்துக்கு வந்தவர். அதன் பிறகு சில வருடங்கள் மேடைப் பக்கமே போகவில்லை. அந்த ஆள் மறுபடி மைக்கைப் பிடித்துப் பாடும்போது குரலில் ஒரு பசி இருக்கிறது. அதைச் சத்தம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

14 ஜூன்

இரண்டு நாளாக அல்பங்களை வரிசையாகக் கேட்டேன். மழை விடவில்லை, வெளியே போகவும் வழியில்லை. கேட்கக் கேட்க எனக்குத் தெளிவானதைச் சொல்கிறேன். பெட்ராவின் காலங்களைப் பாடகரை வைத்துப் பிரிப்பதை விட, தயாரிப்பாளரை வைத்தும் கீபோர்ட் எங்கே நிற்கிறது என்பதை வைத்தும் பிரித்தால்தான் ஒலி புரிகிறது.

1981 முதல் 1984 வரையான நான்கு ஸ்டூடியோ அல்பங்களைத் தயாரித்தவர் ஜொனத்தன் டேவிட் பிரவுன். "நெவர் சே டை", "மோர் பவர் டு யா", "நொட் ஒஃப் திஸ் வேர்ல்ட்", "பீட் த சிஸ்டம்". இதே வரிசையில் கேளுங்கள். முதல் இரண்டில் கீபோர்ட் கிட்டாருக்குப் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவதில் எழுந்து முன்னால் வருகிறது. ஜோன் லோரி கீபோர்டுக்கு வந்த பிறகு, "பீட் த சிஸ்டம்" அல்பத்தில் வீட்டுக்காரர் அதுதான். சிந்தசைஸர், இயந்திரத் தாளம் போல அடிக்கும் ட்ரம்ஸ், கிட்டார் எங்கோ தூரத்தில். பெட்ரா வெளியிட்டதிலேயே இயந்திர வாசனை அதிகமான அல்பம் இதுதான் என்பது என் காது சொல்வது. பாடியவர் யார்? வோல்ஸ்!

1986 முதல் 1991 வரை தயாரிப்பு ஜோன் எலஃபாண்டே, டினோ எலஃபாண்டே சகோதரர்களிடம் போனது. ஜோன், கான்ஸாஸ் குழுவில் பாடியவர். அவருக்குக் குரல்களை அடுக்கத் தெரியும். "பேக் டு த ஸ்ட்ரீட்" (1986), "திஸ் மீன்ஸ் வோர்" (1987), "ஒன் ஃபயர்" (1988) என்று போகப் போக கிட்டார் திரும்பி வருகிறது. லோரி அங்கேயே இருக்கிறார், ஆனால் இப்போது கீபோர்ட் கிட்டாருக்கு அடியில் தரை போடுகிறது. "பியோண்ட் பிலீஃப்" (1990) வரும்போது இரண்டும் சரியாகப் பொருந்திவிட்டன. பெரிய கிட்டார், அதைவிடப் பெரிய பின்குரல்கள், நடுவில் ஷ்லிட்டின் கம்பிக் குரல்.

ஆகவே "ஷ்லிட் வந்து சத்தமாக்கினார்" என்ற கணக்கு தவறு. 1984இல் இயந்திரமாகிவிட்ட குழு 1986க்குப் பிறகுதான் மறுபடி கிட்டார்க் குழுவானது.

14 ஜூன், கொஞ்சம் கழித்து

பண்டாரவளைத் தம்பி "வோல்ஸ் குரலின் உயரம் ஷ்லிட்டுக்கு வருமா" என்று கேட்கிறார். உயரத்தில் இருவருக்கும் குறைவில்லை தம்பி. வோல்ஸ் மேலே போகும்போது குரல் சுத்தமாகிறது, ஷ்லிட் மேலே போகும்போது குரல் கரகரக்கிறது. ஆறுதல் சொல்லும் பாட்டுக்கு எனக்கு வோல்ஸ் வேண்டும். உலுக்கி எழுப்பும் பாட்டுக்கு ஷ்லிட். இரண்டு பேருக்கும் பாட்டு எழுதிக் கொடுத்தவர் பெரும்பாலும் ஹார்ட்மன் ஒருவர்தான், அதை மறக்க வேண்டாம்.

15 ஜூன்

மலையகத்தில் ஏன் என்று கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் வளர்ந்தது தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கரண்ட் வரவில்லை. டிவி பார்ப்பதென்றால் கார் பெட்டரியை டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் பண்ணிக்கொண்டு வர வேண்டும். பாட்டுக்கு ரேடியோ. இரவில் புத்தளத்திலிருந்து மத்திய அலையில் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் தமிழ் நிகழ்ச்சிகள் தெளிவாகக் கேட்கும். அதில் கீர்த்தனையும் பிரசங்கமும்தான், ரொக் வராது.

பெட்ரா வந்தது கசெட்டில். வளைகுடாவில் வேலை பார்த்த பெரியப்பா மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு இரட்டை கசெட் ப்ளேயரும் கொஞ்சம் கசெட்டும் கொண்டுவந்தார். "ஒன் ஃபயர்" அதில் ஒன்று. அதிலிருந்து பிரதி, பிரதியிலிருந்து பிரதி என்று அட்டன், கொட்டகலை வரைக்கும் போயிற்று. எங்கள் குளிருக்கும் ஈரத்துக்கும் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். பஞ்சில் கொலோன் தொட்டு ப்ளேயரின் ஹெட்டைத் துடைத்துத் துடைத்துக் கேட்போம். பிரதி எடுக்க எடுக்க மேல் ஸ்தாயி மங்கிவிடும். கீபோர்டின் பளபளப்பெல்லாம் போய், கிட்டாரும் ட்ரம்ஸும் குரலும் மட்டும் மிஞ்சும். பல வருடம் கழித்து அந்த அல்பத்தைச் சிடியில் கேட்டபோது அதில் இவ்வளவு கீபோர்ட் இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டேன். நாங்கள் கேட்டு வளர்ந்த பெட்ரா அசலை விட முரட்டுப் பெட்ரா. நான் கிட்டார்க் காலத்தின் பக்கம் சாய்வதற்கு அந்தத் தேய்ந்த நாடாவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

15 ஜூன், இரவு

ட்ரம்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் சபையில் ட்ரம்ஸ் வைக்கலாமா என்று பேச்சு வந்தபோது மூப்பர்கள் எதிர்த்தார்கள். வெளியூர் ஆட்கள் அதை வெறும் பழமைவாதம் என்று நினைப்பார்கள். அது அவ்வளவு எளிதில்லை. தோட்டத்தில் தோல் கருவி என்றால் தப்பு என்கிற பறைதான். ஒரு காலத்தில் விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் சேர்க்கும் கூட்டத்துக்கு, கூப்பிட்டது தப்புத்தான். மாரியம்மன் திருவிழாவுக்கும், காமன் கூத்துக்கும், சாவு வீட்டுக்கும் தப்பு. கிறிஸ்தவர்களாக மாறிய குடும்பங்கள் தங்களைத் தனியாகக் காட்டிக்கொள்ள முதலில் விட்டது அந்தச் சத்தத்தைத்தான். பேரப்பிள்ளைகள் ட்ரம்ஸ் அடித்ததும் அவர்கள் காதில் விழுந்தது பெட்ராவின் ட்ரம்ஸ்காரர் லூயி வீவர் இல்லை, தப்புத்தான்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இன்று அப்படி இல்லை. ஆனால் தப்பை ஏன் ஆலயத்துக்கு வெளியே விட்டுவந்தோம் என்ற கேள்வி எனக்குள் வளர்ந்திருக்கிறது. ட்ரம்ஸ் இப்போது எல்லாச் சபையிலும் வந்துவிட்டது. தப்பு இன்னும் பெரும்பாலும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது.

16 ஜூன்

"ரொக்கில் சாத்தானின் வார்த்தை மறைந்திருக்கும், கசெட்டைப் பின்னோக்கி ஓட்டினால் கேட்கும்" என்று அந்தக் காலத்துப் பிரசங்கங்களில் சொன்னது பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெரிதாகக் கிளம்பிய பேச்சு அது. இங்கேயும் வந்து சேர்ந்தது. பெட்ரா அதற்கு 1982இல் "மோர் பவர் டு யா" அல்பத்திலேயே பதில் சொன்னது. ஒரு பாட்டின் தொடக்கத்தில் வேண்டுமென்றே பின்னோக்கிய குரலை வைத்தார்கள். அதைத் திருப்பி ஓட்டினால், ஆண்டவரைத் தேட வேண்டிய நேரத்தில் பிசாசை ஏன் தேடிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்கும். குற்றம் சொன்னவர்களைத் திட்டாமல் தேடுகிறவனிடமே கேள்வியைத் திருப்பிவிட்டார்கள்.

ரொக் பற்றி எங்கள் உபதேசியாரின் மனதை மாற்றியது இது இல்லை. கசெட் அட்டையின் உள்ளே பாட்டு வரிகளோடு வேத வசனத்தின் அதிகாரமும் எண்ணும் அச்சாகியிருக்கும். பெரியப்பா மகன் அந்த அட்டையை அவரிடம் கொடுத்தார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் எண்களைப் பார்த்துத் தமிழ் வேதாகமத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "சரி, படிச்சுப் பாடுங்க, ஆனா மெதுவா" என்றார். அந்த "மெதுவா"வை நாங்கள் கடைப்பிடிக்கவில்லை.

ஹார்ட்மனின் பலமும் அங்கேதான். ஒலி இத்தனை தடவை மாறியும் வசனத்தை வைத்துப் பாட்டைக் கட்டும் பழக்கம் மாறவில்லை.

18 ஜூன், ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். இன்று வாலிபர் ஐக்கியம் பாடிய நான்கு பாட்டும் ஒரே தாளம், ஒரே ஸ்வரக் கட்டு, கீபோர்டில் ஒரே நீண்ட இழைப்பு. இதில் பெட்ராவின் பங்கும் உண்டு என்று நினைக்கிறேன். நேசிக்கிற குழு என்பதற்காக இதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

1989இல் "பெட்ரா ப்ரெய்ஸ்: த ரொக் கிரைஸ் அவுட்" வந்தது. தலைப்பு லூக்கா 19:40ஐத் தொட்டு வைத்தது. அதுவரை ரொக் குழுவாக இருந்தவர்கள், சபைகளில் ஏற்கெனவே பாடிவந்த துதிப்பாடல்களை எடுத்துத் தங்கள் கருவிகளில் பாடினார்கள். கூடவே தங்களுடைய சிலதும். "பியோண்ட் பிலீஃப்" பெட்ராவின் சிறந்த அல்பம் என்று பலரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் எங்கள் மலைகளில் அதிகம் வேலை செய்தது இந்த 1989 அல்பம்தான். காரணம் எளிது. அதைப் பாட ஒரு பெட்டிக் கிட்டார் போதும். மூன்று நான்கு ஸ்வரக் கட்டு. கரண்ட் வேண்டாம். மழையில் ஜெபக் கூட்டத்துக்கு நடந்து போய், எந்த லயத்து வாசலிலும் உட்கார்ந்து பாடலாம். ரொக்கைச் சபைக்குள் கொண்டுவந்த கதவு அது.

அந்தக் கதவு வழியாகப் பிறகு எல்லாமே ஒரே மாதிரி வந்தது. விலை குறைந்த கீபோர்ட்கள் வந்தன. ஒரு பட்டனைத் தட்டினால் தாளம் தானாக ஓடும். ஆர்மோனியம் மூலைக்குப் போனது. தபேலா வாசித்த ஐயாவுக்கு வேலை இல்லாமல் போனது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை ராகத்தோடு பாடத் தெரிந்தவர்கள் எங்கள் சபையில் இன்று வயதானவர்கள் மட்டும். அவர் 1774இல் பிறந்து 1864இல் மறைந்தவர். தோட்டத் தொழிலாளர் நடுவே ஊழியம் செய்யத் தமிழ்க் கூலி மிஷன் கண்டியில் தொடங்கிய 1854இல் அவர் உயிரோடு இருந்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்த மலையில் நின்ற பாட்டு, ஒரு தலைமுறைக்குள் ஒதுங்கிப் போனது.

பெட்ரா இதைச் செய்யவில்லை, நாங்கள் செய்தோம். பெட்ராவாவது ஒவ்வொரு சில வருடத்துக்கும் தன் ஒலியை உடைத்துப் பார்த்தது. நாங்கள் அந்தக் குழுவிடமிருந்து ஒரே ஒரு வருடத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதிலேயே நின்றுவிட்டோம்.

19 ஜூன்

பதுளை அக்காவின் கேள்விக்கு: ஸ்ட்ரைப்பரோடு ஒப்பிட முடியாது அக்கா. அவர்கள் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மெட்டல் குழு. மஞ்சளும் கறுப்பும் உடுத்தி, மேடையிலிருந்து வேதாகமங்களைக் கூட்டத்துக்குள் எறிந்தவர்கள். அவர்கள் போக நினைத்தது வெளி உலகத்து ரசிகரிடம், போனார்கள். பெட்ராவின் வேலை பெரும்பாலும் சபைக்குள்ளே, சபைப் பிள்ளைகளிடம். அதனால்தான் சபையில் எது ஓடுகிறதோ அதன் அசைவு பெட்ராவின் ஒலியில் உடனே தெரிகிறது.

22 ஜூன்

தொண்ணூறுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

"அன்சீன் பவர்" (1991) எனக்கு இரண்டு மனம். கறுப்பின மக்களின் கோஸ்பெல் பாடற்குழு வாசனை, ஆட வைக்கும் தாளம் என்று புதிதாகச் சில இருக்கின்றன. ஆனால் எலஃபாண்டேக்களின் அடுக்குக் குரல் அதற்குள் அலுக்கத் தொடங்கிவிட்டது. 1993இல் "வேக்-அப் கோல்" அல்பத்துக்கு ப்ரவுன் பானிஸ்டரைத் தயாரிப்பாளராகக் கொண்டுவந்தார்கள். அவர் குரல் அடுக்குகளைக் குறைத்தார், கருவிகளுக்கு நடுவே காற்றுப் போக இடம் விட்டார். ஷ்லிட் முதல் தடவையாகக் கத்தாமலும் ஒரு அல்பத்தைத் தாங்க முடியும் என்று காட்டினார். ஷ்லிட்டைப் பிடிக்காதவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் அல்பம் இதுதான். கேள்வி கேட்டவரே, "வெறும் சத்தம்" என்று இதைப் பற்றியும் சொல்வீர்களா?

1995இல் "நோ டவுட்". அதன் பிறகு ஹார்ட்மன் சுற்றுப்பயணத்தை விட்டுவிட்டார். பாட்டு எழுதுவதை விடவில்லை. என்றாலும் மேடையில் அவர் கை இல்லாத பெட்ராவுக்கு நடுத்தூண் இல்லை. ஆட்கள் அடிக்கடி மாறினார்கள். 1998இல் "கோட் ஃபிக்ஸேஷன்", அந்த நேரத்து நாகரிக ஒலி. 2000இல் "டபிள் டேக்", பழைய பாட்டுகளை அகூஸ்டிக்காக மறுபடி பதிவு செய்தது. இதற்குக் கிராமி விருது கிடைத்தது. எனக்கு ஒட்டவில்லை. ரிஃப் என்கிற, திரும்பத் திரும்ப வரும் கிட்டார்த் துணுக்கின் மேல் கட்டிய பாட்டிலிருந்து ரிஃப்பை எடுத்துவிட்டால் வரி மட்டும் நிற்கும். வரி நல்ல வரிதான், அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் இல்லை.

2003, "ஜெக்கில் அண்ட் ஹைட்". ஹார்ட்மன் திரும்பி வந்தார். தயாரித்தவர் நியூஸ்போய்ஸ் குழுவின் பீட்டர் ஃபர்லர். கீபோர்ட் வாசிப்பவரே இல்லாத நால்வர் குழு, பெட்ராவின் மிகக் கனமான அல்பங்களில் ஒன்று. 1984இல் வீடு முழுக்க நிறைந்திருந்த கீபோர்ட் கடைசியில் வெளியேறியது. 31 டிசம்பர் 2005இல் டென்னஸி மாநிலத்து மர்ஃப்ரீஸ்பரோவில் விடைபெறும் கச்சேரி.

22 ஜூன், பின்குறிப்பு

கிராமி கணக்கைச் சிலர் ஐந்து என்றும் மூன்று என்றும் எழுதுகிறார்கள். நான்கு. "பியோண்ட் பிலீஃப்", "அன்சீன் பவர்", "வேக்-அப் கோல்", "டபிள் டேக்". நான்கும் ஷ்லிட் பாடியவை. விருதை வைத்து ஒலியை அளக்க நான் தயாரில்லை, அதனால் இதை வாதமாக வைக்கவில்லை, கணக்குக்காக மட்டும். கோஸ்பெல் இசைக்கான ஹோல் ஒஃப் ஃபேமில் 2000இல் பெட்ராவைச் சேர்த்தார்கள். அங்கே இடம் பெற்ற முதல் ரொக் குழு அவர்கள்தான். அந்த மரியாதை வோல்ஸுக்கும் ஷ்லிட்டுக்கும் முதல் அல்பத்து ஆட்களுக்கும் பொது.

24 ஜூன்

கேள்வி கேட்டவர் "வேக்-அப் கோல்" கேட்டுவிட்டு, "பரவாயில்லை, ஆனால் வோல்ஸ்தான்" என்று எழுதியிருக்கிறார். சரி, அது ரசனை, அதில் நான் கை வைக்க மாட்டேன். 2010இல் வோல்ஸும் ஹார்ட்மனும் பழைய கூட்டாளிகளும் "கிளாசிக் பெட்ரா" என்று மறுபடி கூடிப் பழைய பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். உங்களுக்கு அது பிடிக்கும். வோல்ஸின் குரலுக்கு நவீனப் பதிவில் கிட்டார் கனமாக நின்றால் எப்படி இருக்கும் என்று அதில் தெரியும். "பீட் த சிஸ்டம்" அவருக்குக் கொடுக்காத இடத்தை இது கொடுத்தது.

25 ஜூன், ஞாயிறு

கொட்டகலையில் வாலிபர் ஐக்கியம் நடத்தும் தம்பி ஒருவர், பெட்ராவின் எந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம், ஷ்லிட்டின் சுருதி யாருக்கும் எட்டவில்லை என்கிறார்.

ஷ்லிட்டின் சுருதியை விட்டுவிடுங்கள் தம்பி. இரண்டரைக் கட்டை மூன்று கட்டை இறக்குங்கள், ஆண் பிள்ளைகளின் தொண்டை பிழைக்கும். எலஃபாண்டே காலத்துப் பாட்டுகளில் பின்குரல்தான் பாதிப் பாட்டு. அதனால் தனிக் குரலுக்கு ஆள் தேடாமல் மூன்று குரலாகப் பிரித்து முதலில் கோரஸைப் பழக்குங்கள். பெண் பிள்ளைகளுக்கு மேல் குரலைக் கொடுங்கள். கீபோர்டின் ஓட்டோத் தாளத்தை நிறுத்திவிடுங்கள். கட்டாயம்.

அப்புறம் ஒரு கேள்வி. உங்கள் தோட்டத்தில் தப்பு வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருப்பார்கள். "பெட்ரா ப்ரெய்ஸ்" அல்பத்தில் வேகமான பாட்டு ஒன்றை எடுத்து, ட்ரம்ஸ் இல்லாமல் தப்போடு பாடிப் பார்க்க உங்கள் மூப்பர்கள் சம்மதிப்பார்களா? எங்கள் சபையில் கேட்டேன். போதகர் ஐயர் சரி என்றார், மூப்பரில் ஒருவர் யோசிக்க வேண்டும் என்றார். வருகிற சபைக் கூட்டத்தில் மறுபடி எடுக்கிறோம். உங்கள் பக்கம் யாராவது செய்திருந்தால் எந்த அடியை வாசித்தீர்கள் என்று எழுதுங்கள். சாவு வீட்டு அடி வேண்டாம், பெரியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.